எங்கள் தொகுதியின் கடைசி வாக்காளர்

1

ஊரிலிருந்து திரும்பிய மறு வாரமே பிரெஃபெக்தூருக்குப் போக வேண்டியிருந்தது. பிரான்சில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்குக் குடியிருப்பு அட்டை கொடுக்கும் அரசு அலுவலகம் அது. பத்து வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என் கைரேகையை எடுப்பதற்காக இடது ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார். நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஈரக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

துடைத்தேன். போகவில்லை. அவரே இன்னொரு காகிதம் கொடுத்தார். அதற்கும் போகவில்லை. எனக்கு மை வைத்த பெண் தாராள மனசுக்காரி. நகத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும் என்றில்லாமல் விரல் நுனி முழுக்கக் குளிப்பாட்டி விட்டிருந்தாள்.

"இது போகாது. நான் ஓட்டுப் போட்டேன்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

"இங்கே இப்போது தேர்தல் எதுவும் இல்லையே?"

"இங்கே இல்லை. புதுச்சேரியில். எனக்குத் தேர்தல் இருந்தது."

இருபது வருடமாக இங்கே இருந்தும் என் பிரெஞ்சு இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. அந்த அம்மாள் நான் தேர்தலில் நின்றதாக நினைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, குரலில் ஒரு மரியாதையோடு, "ஜெயித்தீர்களா?" என்று கேட்டார்.

ஓட்டு எண்ணவே இன்னும் நாள் இருந்தது. நான் நின்றவளும் இல்லை. ஆனாலும் "ஆமாம்" என்றுதான் வாயில் வந்தது. அப்படிச் சொன்னதற்கு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் எங்கள் தொகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வேட்பாளர் யார், என் தம்பி யார், எந்தத் தெரு, அந்தத் தெருவில் எந்த வீடு என்பதுவரை ஊரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வளவு சின்னத் தொகுதி. புதுச்சேரித் தொகுதிகள் எல்லாமே அப்படித்தான். ஸ்கூட்டரில் கிளம்பினால் வண்டி சூடாவதற்குள் அடுத்த தொகுதி வந்துவிடும்.

விழுப்புரத்தில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவளுடைய எம்.எல்.ஏ.வை அவள் பேனரில்தான் பார்த்திருக்கிறாள். நாங்கள் அப்படியில்லை. எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தால் குலதெய்வத்துக்கு ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று, அடுத்தது எம்.எல்.ஏ.வுக்கு. அவர் வருவார். வந்து மொய் எழுதுவார், சாப்பிடுவார், "ரசத்துல உப்பு கம்மி" என்று சமையல்காரரிடமே சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் தோற்றவரும் வருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மண்டபத்தில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது பெண்ணைப் பெற்றவர்களின் தனிக் கவலை. என் கல்யாணத்தில் ஜெயித்தவர் தாலி கட்டும் முன்பே வந்துவிட்டார். தோற்றவர் பந்தி நேரத்தில் வந்தார். அப்பா வாசலிலேயே நின்று சமாளித்தார்.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு, புதுச்சேரியிலேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக இருந்தார். மில் இருந்த காலத்திலும் சரி, மூடிய பிறகும் சரி, சங்கத்தில் அவரோடு இருந்த ஒருவருக்குத்தான் எப்போதும் ஓட்டுப் போட்டார். அந்த ஆள் கட்சி மாறினார். அப்பாவும் கூடவே மாறினார். சின்னம்தான் வேறு வேறு, ஆள் ஒன்றே. அப்பா போனபோது ஐஸ் பெட்டி அவர்தான் அனுப்பினார். பந்தல் போட ஆள் அனுப்பியவர் எதிரணிக்காரர். இரண்டு பேரும் கருவடிக்குப்பம் சுடுகாடு வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தார்கள். நான் விமானத்தில் இருந்தேன். என்னால் வர முடியாத இடத்துக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள்.

இதெல்லாம் ஓட்டுக்காகச் செய்வதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுக்காகத்தான். ஓட்டுக்காகவாவது ஒருவர் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார் என்றால், அந்த ஓட்டு எவ்வளவு கனமானது என்று யோசித்துப் பாருங்கள்.

3

என் கணவர் முருகையன் பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகன். புதுச்சேரியில் இது ஒரு அதிசயமில்லை. வெள்ளைக்காரன் போகும்போது அவருடைய தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பேரனுக்கும் அதுவே வந்தது. கல்யாணமாகி இங்கே வந்தபோது எல்லாரும் சொன்னது, "நாலஞ்சு வருஷத்துல உனக்கும் கிடைச்சிரும்." கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. இந்தியா இரண்டு குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை. இதை வாங்கினால் அதைக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொடுத்தால் ஓட்டுப் போய்விடும்.

வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஊர் முகவரியில் வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும், ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். பெயர் சேர்த்தேன். எங்கள் தெருப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், எல்லாருக்கும் கீழே, வெளிநாடு வாழ் வாக்காளர் என்ற தலைப்பில் என் பெயர் மட்டும் தனியாக இருந்தது. தம்பி குமார் அதைப் படம் எடுத்து அனுப்பியபோது, பரீட்சை ரிசல்ட்டைப் பார்ப்பதுபோல் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

போன தேர்தலுக்கு வர முடியவில்லை. இந்தத் தடவை நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையல்கூடத்துக்கு விடுமுறை வரும் சமயத்தில் தேர்தலும் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு ஓட்டுப் போடப் போகிறேன் என்று குதித்தேன். என் மகள் நந்தினி குதிக்கவில்லை. அவள் கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் எனக்குப் புரிய வேண்டுமே என்று தமிழுக்கு இறங்கி வருவாள்.

"நீ வாழற எடத்துல உனக்கு வோட் இல்ல. வாழாத எடத்துல வோட். அங்க ரோடு நல்லா இருந்தா உனக்கு என்ன, இல்லனா உனக்கு என்ன? இது நியாயமா மா?"

நியாயமான கேள்விதான். "நீயும் வா, வந்து பாரு" என்றேன். டிக்கெட் விலையைக் கேட்டு முருகையன் தலையில் கைவைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு மூன்று டிக்கெட் போட்டார்.

4

வாக்குப்பதிவு அன்று காலையில் முருகையன் கடலூரில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார். அவருக்குத்தான் ஓட்டு இல்லையே. நான் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, மத்தியானச் சமையலை முடித்துவிட்டு, கூட்டம் குறையட்டும் என்று நாலு மணிக்குப் போனேன். தம்பி மனைவி என் புடவையைப் பார்த்து, "யாருக்கு அண்ணி கல்யாணம்?" என்றாள். எனக்குத்தான் என்றேன்.

வாக்குச்சாவடி நான் ஐந்தாவது வரைக்கும் படித்த பள்ளிக்கூடம். உள்ளே மேசைக்குப் பக்கத்தில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ஆள் அந்த ஆள்தானா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதில் ஒருவர் செல்வம் அண்ணன். எங்கள் தெருக்காரர், எதிரணியின் ஆள். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ரொம்ப சந்தோஷமாக அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அலுவலர் என் பெயரை உரக்கப் படித்தார். செல்வம் அண்ணன் கையைத் தூக்கினார்.

"அப்ஜெக்‌ஷன் சார். இவங்க பிரான்சுல இருக்கறவங்க. வீட்டுக்காரரு பிரெஞ்சு சிட்டிசன். இவங்களும் வாங்கியிருப்பாங்க. நான் சேலஞ்ச் பண்றேன்."

சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு வாக்காளரை ஆட்சேபித்தால் இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், அது விதி. அந்த நாணயம் மேசையில் விழுந்த சத்தத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்த மனிதர்.

தலைமை அலுவலர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார். பொறுமையாக, "பாஸ்போர்ட் காட்டுங்கம்மா, முடிஞ்சிது" என்றார்.

பெருமையோடு பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் திறந்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே பிரெஞ்சுக் குடியரசின் முத்திரையோடு, மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு என் கணவர் இருந்தார்.

எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில்தான் இது நடக்கும். ஒரே வீட்டில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட். போன கிறிஸ்துமஸுக்கு நந்தினி எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பச்சை உறை வாங்கிக் கொடுத்திருந்தாள். காலையில் டி.வி. மேசைமேல் இரண்டும் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார், மிச்சத்தை நான் எடுத்தேன். யாரும் திறந்து பார்க்கவில்லை.

"பாத்தீங்களா சார்" என்றார் செல்வம் அண்ணன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பட்டுப்புடவையோடு நான் அங்கே நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"என்னுது கடலூர்ல இருக்குது. வந்துரும்" என்றேன்.

"ஒரிஜினல் இல்லாம முடியாதும்மா. கொண்டு வாங்க, போடலாம்" என்றார் தலைமை அலுவலர்.

வெளியே திரும்பினேன். அப்போது பின்னாலிருந்து செல்வம் அண்ணனின் குரல் கேட்டது. அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார்.

"சுமதி. ஆறு மணிக்குள்ள வரிசையில வந்து நின்னுடு. நின்னுட்டா டோக்கன் கொடுப்பாங்க. அப்பறம் எத்தினி மணி ஆனாலும் உனக்கு ஓட்டு உண்டு. வீட்டுக்குப் போயி அழுதுனு உக்காந்துறாத."

"நீங்கதான தடுத்தீங்க?" என்றேன்.

"தடுக்கறது என் வேல. போடறது உன் வேல. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலய பாப்போம்."

5

வெளியே வந்து முருகையனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் உறை திறக்கும் சத்தம் கேட்டது.

"சுமதி, நீதான் என் பையில இருக்கற" என்றார்.

"உடனே கெளம்பி வாங்க."

கிளம்பிவிட்டார். ஆனால் முள்ளோடை எல்லையில் பறக்கும் படை காரை நிறுத்தியது. தேர்தல் நேரத்தில் பணம் கடத்துகிறார்களா என்று பார்க்கிறவர்கள் அவர்கள். இவர் பர்ஸில் யூரோ நோட்டு இருந்தது, கையில் மனைவியின் பாஸ்போர்ட் இருந்தது, தன்னுடையது இல்லை. எந்த அதிகாரிக்குத்தான் சந்தேகம் வராது? ஐந்தரை மணிக்குப் போன் செய்து, "ஒக்கார வெச்சிருக்காங்க. பிரெஞ்சுல பேசிப் பாத்தேன், அதுல இன்னும் கோவமாயிட்டாங்க" என்றார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். கையில் ஒன்றும் இல்லை. நந்தினி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். மணி ஆனதும் போலீஸ்காரப் பெண் கேட்டை மூடினாள். ஒரு அலுவலர் டோக்கனோடு வந்தார். டோக்கனை முன்னாலிருந்து கொடுக்க மாட்டார்கள், கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவார்கள், பிறகு யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதனால் ஒன்றாம் நம்பர் டோக்கன் எனக்குக் கிடைத்தது. பட்டியலிலும் நான்தான் கடைசி, வரிசையிலும் நான்தான் கடைசி.

வரிசை நகர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரிசை மெதுவாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் மேட்டுப்பாளையத்தில் ஷிப்டு முடித்து நேராக வந்தவர். கம்பெனிச் சட்டைகூட மாற்றவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, "நான் மொள்ளமா போறேன் போ" என்றார்.

நாலு பேர் மிச்சம் இருக்கும்போது கார் சத்தம் கேட்டது. முருகையன் கேட்டுக்கு ஓடி வந்தார். போலீஸ்காரப் பெண் விடவில்லை. அவர் பதற்றத்தில் பிரெஞ்சிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். அந்தப் பெண் இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தாள். அப்போது நந்தினி அவர் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, கேட்டுக் கம்பி வழியாக நீட்டினாள்.

"அக்கா, நாங்க உள்ள வரல. எங்க அம்மா அங்க டோக்கன் வச்சினு நிக்கறாங்க. இத மட்டும் அவங்ககிட்ட கொடுத்துடுங்க. அவங்க ஓட்டு போடணும்."

என் மகள் முன்பின் தெரியாத ஒருவரிடம் இத்தனை வாக்கியம் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. "வச்சினு" என்று என் தம்பி மாதிரியே சொன்னாள். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. போலீஸ்காரப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கி, உறையைக் கழற்றி நிறத்தைப் பார்த்துவிட்டு, நடந்து வந்து என் கையில் கொடுத்தாள். நானும் திறந்து பார்த்தேன். இந்தத் தடவை நான்தான் இருந்தேன்.

மறுபடியும் அதே மேசை, அதே வாத்தியார். அவர் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுச் செல்வம் அண்ணனிடம் கொடுத்தார். செல்வம் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பெயரைப் படித்தார், அப்பா பெயரைப் படித்தார். அப்பா பெயரில் கொஞ்ச நேரம் நின்றார். முகவரியைப் படித்து, அது எங்கள் தெருதான் என்று தன் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தார். தன் தெருவைத்தான் அப்படிச் சரிபார்த்தார்.

அலுவலர் என் பெயரைத் திரும்பவும் உரக்கப் படித்தார். அறையில் அப்போது வேறு வாக்காளர் யாரும் இல்லை.

"அப்ஜெக்‌ஷன் இல்ல சார்" என்றார் செல்வம் அண்ணன். அந்த அறைக்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

தலைமை அலுவலர் அந்த இரண்டு ரூபாயை எடுத்து, "இவரு வீம்புக்குப் பண்ணாருன்னு நெனைக்கறீங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். வீம்புக்கு ஆட்சேபித்திருந்தால் காசு அரசாங்கத்துக்குப் போகும். இல்லை என்று தலையாட்டினேன். காசு செல்வம் அண்ணன் பைக்குத் திரும்பியது. என் விரலில் மை ஏறியது. மெஷினில் பட்டனை அழுத்தி அந்த நீளமான சத்தம் வந்தபோது அழுதேன். அட்டை மறைப்புக்குள் நான் மட்டும்தானே இருந்தேன், யாருக்குத் தெரியப்போகிறது.

6

அப்பாவோடு சங்கத்தில் இருந்த எங்கள் ஆள் தோற்றுவிட்டார். ஓட்டு எண்ணிய அன்று நான் சமையல்கூடத்தில் குழந்தைகளுக்குக் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். தம்பி போனில் சொன்னான். வித்தியாசத்தையும் சொன்னான். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் மனது வைத்திருந்தால் மாறியிருக்கும் என்கிற அளவுதான். எனக்கு வருத்தம்தான். அப்பா இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஆனாலும் பிரெஃபெக்தூர் அம்மாளிடம் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இருபது வருடமாக ஊரில் இல்லாத ஒருத்தியின் ஓட்டை, இது பத்தோடு பதினொன்றுதானே என்று யாரும் விடவில்லை. ஒருவர் காசு வைத்துத் தடுத்தார். தடுத்தவரே வழியும் சொன்னார். ஒரு அம்மாள் மெதுவாக நடந்தார். அத்தனை பேர் பார்த்துப் பார்த்து உள்ளே விட்ட ஓட்டு என்னுடையது. இதைவிட மரியாதையான ஊரை எனக்குத் தெரியாது. நியாயமா என்று கேட்ட நந்தினியும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவளுக்குப் பதில் கிடைத்ததா என்று நானும் கேட்கவில்லை. இங்கே எங்கள் நகராட்சியில் அடுத்த தேர்தல் வரும்போது சாவடியில் உட்காரப் பெயர் கொடுக்கப் போவதாக அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பிரெஃபெக்தூர் அம்மாள் அன்று என்னை அனுப்புவதற்கு முன்னால், "கணவர் பிரெஞ்சு, மகள் பிரெஞ்சு, நீங்கள் மட்டும் ஏன்?" என்று குடியுரிமைக் கையேடு ஒன்றைத் தள்ளினார். வாங்கிக்கொண்டேன், மறுத்தால் மரியாதையில்லை. புது அட்டை நேற்று வந்தது. பத்து வருடத்துக்குச் செல்லும். அதற்குள் இரண்டு தேர்தல் வந்துவிடும்.

ஓட்டு எண்ணி இரண்டு நாள் கழித்துத் தம்பி மறுபடியும் பேசியபோது இன்னொன்றும் சொன்னான். ஜெயித்தவர் வீடு வீடாக நன்றி சொல்ல வந்தபோது செல்வம் அண்ணனும் கூட வந்தாராம். எங்கள் வீட்டு ஓட்டு அவர்களுக்கு விழுந்திருக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் லட்டு கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது திரும்பி நின்று சொன்னாராம்:

"உங்க அக்காகிட்ட சொல்லு. அடுத்த வாட்டியும் நான்தான் உள்ள உக்காந்திருப்பேன். அடுத்த வாட்டியும் கேப்பேன். பாஸ்போர்ட்ட தொறந்து பாத்து எடுத்தாரச் சொல்லு."